அண்ணாச்சி பதில்கள்: குளத்து மடைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊர் நாங்குநேரி பக்கம். குளத்து மடை உடைந்து கிடக்கிறது. பஞ்சாயத்துத் தலைவரைக் கேட்டால் தன் கையில் இல்லை என்கிறார், வி.ஏ.ஓ. ஒன்றிய ஆபீசுக்குப் போகச் சொல்கிறார், அங்கே போனால் பொதுப்பணித்துறையைக் கை காட்டுகிறார்கள். யாரைத்தான் பிடிப்பது?

பதில்: தம்பி, மூன்று பேரும் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை, ஆனால் ஒருவராவது உட்கார வைத்து விவரம் சொல்லியிருக்கலாம், அதுதான் எனக்கு வருத்தம். குளத்தின் ஆயக்கட்டு, அந்தத் தண்ணீர் பாயும் நிலம், எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். 40 எக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்ந்தால் அது ஊராட்சி ஒன்றியக் குளம். அதற்கு மேலே போனால் நீர்வளத்துறைக் குளம். அந்தத் துறை 2021 வரை பொதுப்பணித்துறைக்குள் இருந்ததால் ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி. குளம் என்றே சொல்கிறோம். ஆயக்கட்டுக் கணக்கு வி.ஏ.ஓ.விடம் கிடைக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

சரி, ஒன்றியக் குளம் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளாட்சித் தேர்தலில் நம் கையில் நான்கு சீட்டு கொடுத்தார்களே, வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சிக் கவுன்சிலர் என்று, அதில் தலைவர் பெயரைச் சின்னப் பிள்ளை கூடச் சொல்லும், மூன்றாவது சீட்டில் ஜெயித்தவர் யார் என்று கேட்டால் டீக்கடையில் பாதிப் பேர் முழிப்பார்கள். ஒன்றியக் கூட்டத்தில் உட்கார்ந்து உங்கள் மடைக்குப் பணம் ஒதுக்கச் சொல்ல வேண்டியவர் அவர்தான். வேலையை நடத்த வேண்டியவர் பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர். ஒரே ஆபீசில் இரண்டு பி.டி.ஓ. இருப்பார்கள், நீங்கள் பார்க்க வேண்டியவர் ‘வட்டார ஊராட்சி’ என்று பலகையில் போட்டிருப்பவர், ‘கிராம ஊராட்சி’ அல்ல. பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காமல் இருந்தால் கவுன்சிலர் இருக்க மாட்டார், தனி அலுவலர்தான் இருப்பார், அப்போது மனுவை அவர் பெயருக்கே எழுதுங்கள்.

நீர்வளத்துறைக் குளம் என்றால் அந்தப் பிரிவின் உதவிப் பொறியாளர். அவர் நியமனத்தில் வந்தவர், ஓட்டுக்கு வந்து நிற்கப்போவதில்லை, அதனால் எம்.எல்.ஏ. வழியாகவும் ஒரு மனு போகட்டும். குளம் யாருடையதாக இருந்தாலும் அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1, இதில் எந்த நாள் முதலில் வருகிறதோ அன்றைக்கு ஊரோடு போய் உட்காருங்கள், எழுதிப் படித்துக் காட்டும் வரை எழுந்திருக்க வேண்டாம்.

கேள்வி: ஆலங்குளத்துக்காரன் நான். எங்கள் கலெக்டர் தென்காசியில் இருக்கிறார், எம்.பி. மட்டும் எப்படித் திருநெல்வேலி எம்.பி.?

பதில்: தென்காசி மாவட்டம் பிரிந்தது 2019 நவம்பரில். தொகுதி எல்லை அதற்குப் பல வருஷம் முன்னாலேயே வரைந்தது, மாவட்டம் பிரிந்தபோது அதை யாரும் தொடவில்லை. பட்டா, சான்றிதழ் எல்லாம் தென்காசி மாவட்ட நிர்வாகம். எம்.பி. நிதியில் ஏதாவது கேட்பதானால் திருநெல்வேலி எம்.பி.

கேள்வி: மேலப்பாளையத்தில் குடியிருக்கிறோம். சாக்கடை அடைத்து வாசலில் நிற்கிறது. மேயரிடம் போகவா, கமிஷனரிடம் போகவா?

பதில்: தங்கச்சி, இரண்டு பேருக்கும் முன்னால் உங்கள் வார்டு கவுன்சிலர். திருநெல்வேலி மாநகராட்சியில் 55 வார்டு, அதை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், மேலப்பாளையமே ஒரு மண்டலம்தான். அந்த மண்டல அலுவலகத்தில் உதவி ஆணையரும் சுகாதார ஆய்வாளரும் இருப்பார்கள், அடைப்பு எடுக்க ஆள் அனுப்புவது அங்கேயிருந்துதான். மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், கமிஷனரை அரசு நியமிக்கிறது. அதிகாரிகள் மாற்றலாகிக்கொண்டே இருப்பார்கள், ஆகவே மனுவில் பெயரை விடப் பதவியைச் சரியாக எழுதுங்கள், ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தகவல் உரிமை மனு: இன்ன தேதியில் கொடுத்த மனு இப்போது எந்த அலுவலர் மேசையில் இருக்கிறது, அவர் என்ன நடவடிக்கை எடுத்தார்? 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.