தள்ளுபடி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர் ஒருவர் தனியாக உழைத்து ஒரு வீடியோ கேம் செய்து ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வெளியிட்டார். ஆறு மாதத்தில் விற்பனை படுத்துவிட்டது. 75 சதவீதத் தள்ளுபடி போடலாமா என்கிறார். அது கலையை மலிவாக்காதா? வாங்குபவர்கள் விளையாடாமல் போட்டுவைத்தாலும் பணம் வந்துவிடுகிறது, அதில் என்ன நஷ்டம் என்றும் தோன்றுகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

கலை மலிவாகும் கவலையை விடுங்கள். தள்ளுபடி மலிவாக்கிவிடும் என்றுதான் 2012-இல் ஸ்டீமின் போட்டிக் கடையான ஒரிஜினை நடத்தியவரும் சொன்னார். கடைக்கு வந்தபின் அதெல்லாம் பாசாங்கு.

75 சதவீதம் குறைத்தால் பழைய வருமானத்துக்கே நான்கு மடங்கு விற்க வேண்டும். நூறுக்கு வரும் 25-லும் ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் விற்கும். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் 2011-இல் சொன்னார்: ஒரு ஆட்டத்தின் விலையைச் சத்தமில்லாமல் மாற்றிப் பார்த்தார்கள், மொத்த வருமானம் அசையவில்லை. 75 சதவீதத் தள்ளுபடி என்று அறிவித்து விற்றபோது 40 மடங்கானது. விலை மட்டுமா விற்றது? 'இன்னும் சில நாட்கள்தான்' என்ற பதற்றமும் சேர்ந்து விற்றது.

விளையாடாவிட்டால் என்ன நஷ்டமா? இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஸ்டீம் கணக்குகளில் சேர்ந்திருக்கும் ஆட்டங்களில் சுமார் 37 சதவீதம் ஒருமுறைகூடத் திறக்கப்படாதவை என்று 2014-இல் ஆர்ஸ் டெக்னிக்கா என்ற தொழில்நுட்ப இணையதளம் மதிப்பிட்டது. என் மின்னூல்கள் பாதி விலைக்குப் போகும் வாரங்களில் விற்பனை எகிறும், கடிதம் ஒன்றுகூட வராது. முழு விலை கொடுத்தவன்தான் சண்டைக்கு வருவான். பாத்திரத்தின் வயது இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது என்பான். அடுத்த நூலையும் அவனே வாங்குவான், நாலு பேரிடம் சொல்லவும் செய்வான். திறக்காத ஆட்டத்தைப் பற்றி எவன் பேசுவான்? முதல் நாளே வாங்கியவன் ஆறாம் மாதம் கால் விலையைப் பார்த்தால் அடுத்த முறை காத்திருப்பான். அந்த நஷ்டம் இந்த மாதக் கணக்கில் தெரியாது.

ஃபேக்டோரியோ என்ற ஆட்டத்துக்குத் தள்ளுபடியே போட்டதில்லை. 2023-இல் விலையை 30 டாலரிலிருந்து 35 ஆக ஏற்றவும் செய்தார்கள். நண்பரை அப்படி முறுக்கிக்கொள்ளச் சொல்லமாட்டேன், பாவம், வாடகை கட்ட வேண்டுமே. முதல் ஆண்டில் 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். விருப்பப்பட்டியலில் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டீமின் மின்னஞ்சல் போக அது போதும்.

இத்தனை எழுதியவர் ஆட்டத்தின் பெயரை எழுதவில்லையே. அனுப்புங்கள், தள்ளுபடிக்கு முன்பே வாங்கிவிடுகிறேன்.