கோனன் வாயைத் திறப்பதற்குள்…

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: 'டிடெக்டிவ் கோனன்' என்ற ஜப்பானியத் துப்பறியும் கார்ட்டூன் தொடரின் முதல் கதை, 'மூன்லைட் சொனாட்டா' கதை, ரம் யார் என்பது ஆகிய மூன்றும் கீழே உடைகின்றன.)

● 'டிடெக்டிவ் கோனன்' நாற்பது எபிசோடு தாண்டிவிட்டேன். கொலையாளி யார் என்பது அநேகமாகச் சரியாக வந்துவிடுகிறது. எப்படிச் செய்தார் என்பதில்தான் ஒவ்வொரு முறையும் சறுக்குகிறேன். எங்கே தப்பு?
– வாசகர், தஞ்சாவூர்

சந்தேகத்துக்குரியவர்கள் பெரும்பாலும் மூன்றே பேர். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகும். அதைத் துப்பறிந்த கணக்கில் சேர்க்காதீர்கள். பத்து மதிப்பெண் வைத்து விளையாடுங்கள். யார் என்பதற்கு 2, எப்படி என்பதற்கு 5, எதைக் காட்டி நிரூபிப்பது என்பதற்கு 3. ஆறு வந்தாலே நல்ல மதிப்பெண்தான்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் முக்கியம். மாங்காவில் (ஜப்பானியக் காமிக்ஸ்) ஒரு வழக்கு பொதுவாக மூன்று அத்தியாயம்: சம்பவம், விசாரணை, விடை. அனிமே (கார்ட்டூன் வடிவம்) அதை முன்பாகம், பின்பாகம் என்று இரண்டு எபிசோடாக்கும். பின்பாகத்தில் ஒரு கட்டத்தில் கோனனின் தலைக்குப் பின்னால் மின்னல் கோடு ஒன்று வெட்டும், கூடவே அந்தச் சத்தம். அதற்குப் பிறகு புதுத் தடயம் அபூர்வம். அங்கேயே நிறுத்தி, முப்பது விநாடி பின்னால் போங்கள். தோழி ரானோ, அவள் அப்பா துப்பறிவாளர் கோகோரோவோ, குட்டிப் பசங்களோ சம்பந்தமே இல்லாமல் ஏதோ பேசியிருப்பார்கள். கோனனுக்குப் பொறி தட்டியது அந்தப் பேச்சில்தான். கோகோரோவைத் தூங்கவைத்து அவர் குரலில் விடை சொல்லக் கோனன் எய்யும் மயக்க ஊசி கழுத்தில் பாய்ந்த பிறகு நிறுத்திப் பயனில்லை, தேர்வு முடிந்து விடைத்தாளை வாங்கிவிட்டார்கள்.

காகிதத்தில் எழுத வேண்டியவை: யார், எத்தனை மணிக்கு, எந்த அறையில் இருந்தார். அதை யார் பார்த்தது, அல்லது காதால் மட்டும் கேட்டதா. காரணமில்லாமல் கேமரா நின்ற பொருள் எது. ஈரமான தரைவிரிப்பு, இடம் மாறிய நாற்காலி, தூண்டில் நரம்பு போன்ற எதுவும் சும்மா வராது. காட்சி மாறும்போது கதவு திறந்து மூடும் அல்லவா, அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், நேரம் தாவியிருக்கலாம்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: 'இவருக்குத்தான் பகை' என்று ஆரம்பிப்பது. இந்தத் தொடரில் உண்மையான காரணம் பிடிபட்ட பிறகுதான் அழுகையோடு வெளிவரும். கையில் இல்லாத ஒன்றை வைத்துக் கணக்குப் போட முடியாது.

● கொலைக் காட்சியில் வரும் கறுப்பு உருவத்தின் உயரம், தோள்பட்டையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

முடியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியக்கூடாது என்பதற்காகவே எல்லா வழக்கிலும் அதே கறுப்பு ஆசாமி. ரசிகர்களிடம் அவருக்கு இருந்த பிரபலத்தில் 'ஹன்சாவா' என்ற பெயரில் தனி நகைச்சுவை மாங்காவே 2017இல் தொடங்கியது. சிரிக்க வைத்துக்கொள்ளுங்கள், துப்புக்கு வேண்டாம்.

● ரோலர் கோஸ்டரில் தலை துண்டாகும் முதல் வழக்கை நேர்மையான புதிர் என்று சொல்ல முடியுமா?
– வாசகர், சேலம்

பாதி நேர்மை. 1996 ஜனவரி 8 அன்று ஒளிபரப்பான முதல் எபிசோடு அது. யார் என்பதற்கான தடயம் கண்ணெதிரே இருக்கிறது. கொலையாளி ஹிதோமியின் கண்ணீர்க் கோடு கன்னத்தில் கீழ்நோக்கி இறங்காமல் காதுப் பக்கமாகப் போயிருக்கும். வண்டி நின்ற பிறகு அழுதிருந்தால் கீழேதான் வழியும். ஓடும் வண்டியில், எதிர்க்காற்றில் அழுதால்தான் பக்கவாட்டில் ஓடும். ஆக, தலை துண்டாவதற்கு முன்பே என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்து அழுதிருக்கிறாள். அவள் கழுத்தில் இருந்த முத்துமாலை பிறகு காணவில்லை என்பதும் கவனித்தால் தெரியும்.

எப்படி என்பதில்தான் நெருடல். கைப்பையை இடையில் செருகி, பாதுகாப்புக் கம்பி முழுதாக இறங்காமல் பார்த்துக்கொள்கிறாள். சுரங்க இருட்டில் ஜிம்னாஸ்டிக்ஸ் உடல்வாகோடு வளைந்து, முத்து கோத்த பியானோக் கம்பியைக் கழுத்தில் மாட்டி, மறுமுனைக் கொக்கியைத் தண்டவாளத்தில் சிக்கவைக்கிறாள். வண்டியின் வேகம் மிச்சத்தைச் செய்கிறது. எந்தப் பார்வையாளரும் இதை முழுதாகச் சொல்ல முடியாது. 'ஒரு கம்பி, வண்டியின் வேகம்' வரை எட்டினால் ஐந்துக்கு மூன்று போட்டுக்கொள்ளுங்கள், தாராளமாக.

● ஜப்பானிய மொழி தெரியாமல் இந்தத் தொடரில் ஊகிக்க முடியுமா? சாகும்போது எழுதிவைக்கும் குறிப்பெல்லாம் சப்டைட்டிலில் ஒன்றும் புரிவதில்லை.
– வாசகி, புதுச்சேரி

பொருள்களை வைத்துச் செய்த சூழ்ச்சியென்றால் முடியும். எழுத்து வழக்கென்றால் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

ஜப்பானில் எண்களை ஓசையாகப் படிப்பார்கள். 4 'ஷி', 8 'யா', 6 'ரோ', 9 'கு'. பள்ளி மாணவத் துப்பறிவாளர் ஷின்இச்சியைக் கோனன் என்ற குழந்தையாக்கிய ஏபிடிஎக்ஸ் 4869 மருந்தின் எண்ணைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: ஷியாரோகு. ஷெர்லாக்!

'மூன்லைட் சொனாட்டா'வில் சூழ்ச்சி 'கஞ்சி' எனப்படும் சீன வழி எழுத்தில் இருக்கிறது. கதை நடக்கும் தீவின் மருத்துவர் 'நருமி'யின் பெயரை அதே இரண்டு எழுத்தால் 'செய்ஜி' என்றும் படிக்கலாம். செய்ஜி என்பது இறந்துபோன பியானோக் கலைஞரின் மகன் பெயர். பெண் என்று எல்லோரும் நம்பிய மருத்துவர் ஆண். சப்டைட்டிலில் இது கிடைக்கவே கிடைக்காது. ஆனால் வேறு கதவு திறந்தே இருக்கிறது: இறந்த நேரத்தைச் சொன்னது யார்? அந்த மருத்துவர் மட்டும்தான். இசை நாடாவின் தொடக்கத்தில் சில நிமிடம் வெற்று என்பதையும் சேர்த்தால், 'எல்லோரோடும் இருந்தேன்' என்ற சாட்சியம் ஆடிவிடும். ஒரு தகவல் ஒரே ஒருவர் வாயிலிருந்து மட்டும் வந்தால் அதை அடிக்கோடிடுங்கள்.

ஷின்இச்சிக்கு அந்த மருந்தைக் கொடுத்த குற்றக் கும்பலான கறுப்பு அமைப்பில் 'ரம்' என்ற மறைபெயர் கொண்டவர் யார் என்ற விஷயத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு அதிர்ஷ்டம். குரோதா, வகாசா ருமி, வகிதா கனெநொரி என்று மூன்று பேரைக் காட்டுகிறார் மாங்கா ஆசிரியர் கோஷோ அயோயாமா. 'ருமி'யில் ரம் ஒளிந்திருப்பது தூண்டில் புழு. ரம்மின் வாய்ச்சொல் 'நேரம் பொன் போன்றது', ஜப்பானியத்தில் 'தொகி வ கனெ நரி'. இப்போது எழுத்துக் கூட்டிப் பாருங்கள்:

வ, கி, த, க, நெ, நொ, ரி
தொ, கி, வ, க, நெ, ந, ரி

ஐந்து எழுத்து அப்படியே இருக்கிறது. மிஞ்சிய 'த, நொ' இரண்டும் 'தொ, ந' ஆகியிருக்கின்றன. மெய் நின்றபடி நிற்க, உயிர் மட்டும் இடம் மாறியிருக்கிறது. ரோமன் எழுத்தில் பதினான்கைக் கலைத்து அடுக்க வேண்டிய வேலை, உயிர்மெய் படித்தவருக்கு ஒரு வரி.

● நண்பர் சொல்லும் எபிசோடு எண்ணும் என்னிடம் உள்ள எண்ணும் பொருந்தவில்லை. எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், கோயம்புத்தூர்

ஒரு மணி நேரச் சிறப்பு எபிசோடை ஜப்பானில் ஒன்றாக எண்ணுவார்கள், வெளிநாட்டுப் பதிப்பில் உடைத்து எண்ணுவார்கள். 'மூன்லைட் சொனாட்டா' அங்கே 11, இங்கே 11, 12. அதற்குப் பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும். எண்ணை விட்டுவிட்டுத் தலைப்பைக் கேளுங்கள்.

அனிமேவுக்கென்றே எழுதிய கதைகளைத் தாண்டிப் போகலாம், பெருங்கதைக்குச் சேதமில்லை. ஆனால் ஜப்பானிய எண்ணில் 128ஐ விட்டுவிட்டு 129க்குப் போகாதீர்கள். மாங்காவின் 2ஆம் தொகுதியிலேயே இறந்துபோன, கறுப்பு அமைப்பைச் சேர்ந்த அகெமியின் முடிவை அனிமே 128இல்தான் காட்டுகிறது. 129இல் வரும் ஹைபரா அவளுடைய தங்கை.

● எபிசோடு முடிவில் வரும் 'அடுத்த கோனன் குறிப்பு' உதவுமா?
– வாசகர், ஈரோடு

பெரும்பாலும் ஒரு பொருளின் பெயர்தான், கொலையாளியைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் அடுத்த எபிசோடில் அந்தப் பொருள் திரையில் வரும் நொடியில் கண் நிற்கும். தொடர்ச்சியாகப் பார்ப்பவர்கள் முன்னோட்டத்தைத் தள்ளிவிடுவதால் இதை இழக்கிறார்கள். பாட்டைத் தள்ளுங்கள், முன்னோட்டத்தை ஓடவிடுங்கள்.