மாமா சொல்லும் கார் கம்பெனியும் பையன் செய்த வாஷரும்

சுவாமிமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டான். மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் அண்ணன் தினமும் போன் செய்கிறாராம்: "பையனை இங்க அனுப்பு. நாலு வருஷம் ஆட்டோமோட்டிவ் இன்ஜினீயரிங். முடிச்சதும் புரோட்டான் கம்பெனிதான். சீனாக்காரன் வாங்கிட்டான், இனிமே அது எங்கேயோ போயிடும்." செலவு 24 லட்சம். இருக்கும் ஒன்பது மா வயலில் நான்கு மாவை விற்றுவிட்டு, மிச்சத்துக்குக் கடன் வாங்கலாம் என்பது யோசனை. அப்பாவுக்கு வேறு பயம். அதே சீனாக்காரன் நாளைக்குக் கடையைச் சாத்திவிட்டால்?

கவலைப்படாதீர்கள் என்று பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், அம்மா. கணக்கைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. நீங்கள் கவலைப்படத்தான் வேண்டும். புரோட்டான் பிழைக்குமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் கவலை அந்த நான்கு மாவாக இருக்கட்டும்.

புரோட்டான் விஷயத்தில் உங்கள் அண்ணன் சொல்வதில் பொய் கிடையாது. மகாதீர் பிரதமராக இருந்தபோது, 1983-இல் மலேசிய அரசு தொடங்கிய கம்பெனி அது. 1985-இல் வந்த முதல் சாகா காரே மிட்சுபிஷியின் வண்டியை வைத்துச் செய்ததுதான். 2017-இல் சீனாவின் ஜீலி 49.9 சதவீதப் பங்கை வாங்கியது. மீதி 50.1 மலேசியாவின் டிஆர்பி-ஹைகாம் கம்பெனியிடமே இருக்கிறது. ஆக, 'சீனாக்காரன் வாங்கிட்டான்' என்பது பாதி உண்மை. சரியாகச் சொன்னால் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. விற்பனை ஏறியது நிஜம்தான். 2018-இல் ஏறத்தாழ 65 ஆயிரம் வண்டிகள் விற்றார்கள், 2023-இல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

எதை விற்று ஏறினார்கள் என்று பாருங்கள். புரோட்டானின் எக்ஸ்70 என்பது ஜீலியின் போயுவே கார். 2024 கடைசியில் வந்த மின்சாரக் காரும் ஜீலியின் வண்டிதான். ஒரு காலத்தில் கேம்ப்ரோ என்று சொந்தமாக இன்ஜின் உருவாக்கிய கம்பெனி, இப்போது புது வண்டிகளுக்கு இன்ஜினையும் அடிச்சட்டத்தையும் ஜீலியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. வியாபாரத்துக்கு அது நல்லது. ஆனால் உங்கள் மகன் 24 லட்சம் கட்டிப் படித்துவிட்டுக் கேட்கப் போகும் வேலை எது? கார் வடிவமைக்கும் இன்ஜினீயர் வேலை. கம்பெனி கைமாறும்போது முதலில் சுருங்குவது அந்த நாற்காலிதான்.

பிழைக்குமா என்ற கேள்விக்கு ஆரூடம் சொல்ல ஆள் கிடையாது. பிரிட்டனின் ரோவர் கார் கம்பெனியை 1994-இல் பிஎம்டபிள்யூ வாங்கியது, 2000-இல் வெறும் 10 பவுண்டுக்குத் தள்ளிவிட்டது, 2005-இல் கம்பெனியே திவாலாகி லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சுவீடனின் வோல்வோ கார் கம்பெனியை 2010-இல் இதே ஜீலிதான் வாங்கியது; அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. கையெழுத்துப் போடும் நாளில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

பெயரும் முதலாளியும் அப்படியே இருந்தால்கூட இடம் மாறலாம். புரோட்டானே ஷா ஆலம் தொழிற்சாலையிலிருந்து தஞ்சோங் மாலிமுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. நம் பக்கத்துக்கு இது புதுக் கதை இல்லை. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1920-களின் கடைசியில் அதைப் பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள். ஆட்குறைப்பை எதிர்த்து 1928-இல் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. முதலாளி மாறாமலேயே நாகை இழந்தது.

அப்புறம் விசா. மாணவர் விசாவில் போகிறவனுக்குப் பட்டம் கிடைத்த மறுநாள் வேலை உரிமை வந்துவிடாது. ஏதாவது ஒரு கம்பெனி அவனுக்காக வேலை பாஸ் எடுக்க வேண்டும். சொந்த ஊர்ப் பட்டதாரிகள் வரிசையில் நிற்கும்போது, வெளிநாட்டுப் பையனுக்கு அதை எடுத்துக் கொடுப்பேன் என்று எந்தக் கம்பெனியாவது உங்கள் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறதா? "சேர்த்துடலாம்" என்பது மாமாவின் பாசம். அதை வைத்துக் கிரயம் எழுத முடியாது. கடனையும் சொல்லிவிடுகிறேன்: 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்கும். நான்கு மா கைவிட்டுப் போகும், மிச்சம் ஐந்து மாவின் பத்திரம் வங்கியில் உட்காரும். குறுவைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று ஒவ்வொரு ஜூனிலும் மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் செய்கிற வேலையா இது? இதற்கு நான் சரி சொல்ல மாட்டேன்.

இனி பையன். கடிதத்தின் கடைசியில், குறையாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "எந்நேரமும் லேத் பட்டறையிலேயே கிடக்கிறான், சட்டையெல்லாம் கிரீஸ்." அந்த வரியைப் பார்த்துத்தான் தம்பியிடம் போனில் பேசினேன். கார் பற்றிக் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில். பட்டறையில் என்ன செய்வாய் என்றதும் ஆள் மாறிவிட்டான். அறுவடை மிஷினுக்கு ஒரு தகர வாஷர் கடையில் கிடைக்காமல் போக, உடைந்த இரும்புத் துண்டை அரம் போட்டு, தகட்டை மேலிருந்து குத்தி வெட்ட ஒரு பஞ்ச், அதற்குக் கீழே ஓட்டை போட்ட ஒரு டை என்று தானே செய்திருக்கிறான். முதலில் வந்த வாஷர்களில் ஓரமெல்லாம் பிசிறு. "பஞ்சுக்கும் ஓட்டைக்கும் நடுவுல இடைவெளி அதிகமா இருந்துச்சு சார், பஞ்சை கொஞ்சம் தடிமனா மறுபடி பண்ணேன்" என்றான். பட்டறைக்காரர் சொல்லித் தரவில்லையாம். உருப்படிகளை அடித்தெடுக்கும் எஃகு அச்சு செய்கிற தொழிலுக்கு அந்த இடைவெளிதான் முதல் பாடம்.

அந்தத் தொழிலுக்குப் பெயர் டூல் அண்ட் டை மேக்கிங். உறவுக்காரர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் கல்யாணப் பத்திரிகையில் போட வசதியான பட்டம் இல்லை. மருத்துவம், கம்ப்யூட்டர் பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கும், அதை விடுங்கள்.

உங்கள் ஊர் ஸ்தபதி மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார். சிலையை எடுக்க அந்த அச்சை உடைத்தாக வேண்டும். ஒரு அச்சு, ஒரு சிலை. கார்த் தொழிற்சாலையின் அச்சு எஃகில் செய்தது, ஒன்றே லட்சக்கணக்கில் அடிக்க வேண்டும். ஒரு கதவின் வெளித்தகட்டுக்கே ஒரு அச்சு போதாது. தகட்டை இழுத்து வளைக்க ஒன்று, ஓரம் வெட்ட ஒன்று, துளையிட ஒன்று, விளிம்பு மடிக்க ஒன்று. பம்பர், டேஷ்போர்டு, விளக்குக் கண்ணாடி என்று பிளாஸ்டிக் உருப்படி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு, அதற்கு மோல்டு என்று பெயர்.

இந்த அச்சுகளைச் செய்யும் இடத்துக்கு டூல் ரூம் என்று பெயர். அங்கே ஒரு காட்சி சொல்கிறேன். மோல்டின் இரண்டு பாதியும் கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மிஷினில் வெட்டியாகிவிட்டது. கையால் முடிக்கிற வேலை அதன் பிறகுதான். ஒரு பாதியில் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, மறுபாதியை மேலே வைத்து அழுத்தி எடுப்பார்கள். நீலம் ஒட்டிய இடம் மேடு. அதைத் தேய்க்க வேண்டும், மறுபடி தடவி அழுத்த வேண்டும். விளிம்பு முழுக்க நீலம் சீராகப் பிடிக்கும்வரை இதே வேலை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்கிற கணக்கில் ஓடும் வேலை இது. நம் தலைமுடி அதைவிடத் தடிமன். கட்டர் நுழையாத மூலைகளை மின்பொறியால் அரித்தெடுக்கும் ஸ்பார்க் மிஷின் இருக்கும், எஃகை நூல் போன்ற கம்பியால் அறுக்கும் வயர் கட் இருக்கும். கடைசியில் வைரப் பசை போட்டுப் பாலிஷ். பொறுமை இல்லாதவன் ஒரே வாரத்தில் ஓடிவிடுவான். ஒரு வாஷருக்காக பஞ்சை மறுபடி செய்தவன் ஓட மாட்டான்.

ஜீலி அச்சையும் சீனாவிலிருந்தே இறக்கிவிடாதா என்று அப்பா கேட்பார். இறக்கலாம்தான். ஆனால் அடிக்க அடிக்க விளிம்பு தேயும், முனை உடையும், உருப்படியில் பிசிறு விழும். அப்போது உற்பத்தி லைன் நிற்கும். அச்சைக் கப்பலேற்றித் தீட்டிவரும்வரை எந்த முதலாளியும் காத்திருக்க மாட்டான். முதலாளி மாறினால் மாடல் மாறும், மாடல் மாறினால் அச்சு மாறும். கார் தொழிலே படுத்தாலும் மருந்துக் குப்பி மூடி, சுவிட்ச், சிரிஞ்ச் எல்லாம் அச்சில்தான் வருகின்றன.

படிக்க இரண்டு வழி. ஒன்று, ஐ.டி.ஐ.யில் டூல் அண்ட் டை மேக்கர் பிரிவு, இரண்டு வருடம். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது, சேர்க்கைப் பட்டியலில் தேட வேண்டும்; இடம் அமையாவிட்டால் மெஷினிஸ்ட் அல்லது பிட்டர் எடுத்துப் பின்னால் டூல் ரூமுக்குள் நுழையலாம். அரசு ஐ.டி.ஐ. என்றால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள். இன்னொன்று, சிப்பெட் என்கிற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம். சென்னை கிண்டியிலும் மதுரையிலும் இருக்கிறது. பிளாஸ்டிக் மோல்டு தொழில்நுட்பத்தில் மூன்று வருட டிப்ளமோ, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கட்டணம் ஆயிரங்களில்தான். என் ஓட்டு சிப்பெட்டுக்கு.

பட்டம் வேண்டாமா என்பார் உங்கள் அண்ணன். டிப்ளமோ முடித்தவன் நேரடியாக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம், அதற்குத் தனிக் கலந்தாய்வே நடக்கிறது. அன்றைக்கு அவனுக்கே தோன்றினால் சேரட்டும். ஆனால் ஆரம்பச் சம்பளம் குறைவு, நின்றுகொண்டே வேலை, நைட் ஷிப்ட், முதல் வருடங்களில் அரமும் எமரித்தாளும்தான். இதைத் தம்பியிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

தாய்மாமன் சீர் செய்த அண்ணனின் சொல்லைத் தட்டுவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அவரிடம் வாதாட வேண்டாம். "வேலைக்கு உத்தரவாதம் தரும் கடிதத்தை அந்தக் கம்பெனியிடமிருந்து வாங்கி அனுப்புங்கள் அண்ணா, பிறகு நிலத்தைப் பற்றிப் பேசலாம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

இடையில் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிண்டிக்கு ஒருநாள் போய் வாருங்கள். அலுவலகத்தில் கட்டிடத்தையும் வேலைவாய்ப்புப் பலகையையும் காட்டுவார்கள். நீங்கள் டூல் ரூமைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பார்க் மிஷினில் ஒரு மாணவனுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கை வைக்கக் கிடைக்கும் என்று தம்பியையே கேட்கச் சொல்லுங்கள். ஒரே மிஷினைச் சுற்றி இருபது பையன்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால், மதுரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.