கவனம் சிதறும் வயதில் கிறிஸ்தவ விசுவாசத்தோடு வாழ்வது எப்படி?

கேள்வி கேட்ட தம்பிக்கு 16 வயது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மனம் நிறைகிறது, திங்கட்கிழமை எல்லாம் காணாமல் போய்விடுகிறது என்கிறார். ஜெபிக்க உட்கார்ந்தால் போன் ஞாபகம், படிக்க வேண்டிய பாடம், குரூப்பில் யார் என்ன போட்டார்கள் என்ற யோசனை. நண்பர்கள் "பாஸ்டர்" என்று கிண்டல் செய்கிறார்கள். "அப்படியானால் என் விசுவாசமே பொய்யா?" என்று முடித்திருக்கிறார்.

பொய் இல்லை, தம்பி. பொய்யாக இருந்தால் இந்தக் கவலை வந்திருக்காது. வாலிபர் கூட்டத்தில் உங்கள் வயதுப் பிள்ளைகளோடு பல வருடங்களாகப் பேசி வருகிறேன். அதிகமாகக் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மனம் அலைவதைப் பற்றி. போன் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தத் தொல்லை இருந்தது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் ஜெபிப்பதற்காகவே தனித்து வாழ்ந்தவர்களுக்கும் இதே போராட்டம்தான். அவர்களில் ஒருவரான எவாக்ரியுஸ், அறையில் இருக்கும் துறவிக்கு நண்பகல் வேளையில் வரும் சலிப்பை விவரிக்கிறார். பொழுது நகரவே மாட்டேன் என்கிறது. அந்தத் துறவி ஜன்னலைப் பார்க்கிறார், சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார், சகோதரர்கள் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கிறார். படித்தபோது நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாரோ என்று தோன்றியது.

அந்தத் துறவிகளிடம் கற்றதை எழுதிவைத்த காசியன் ஓர் எளிய வழி சொல்கிறார். சங்கீதம் 70-இன் முதல் வசனத்தை எந்த வேலையிலும் எந்த நிலையிலும் திரும்பத் திரும்பச் சொல்வது. தேவனே, என்னை விடுவியும், எனக்கு உதவ சீக்கிரம் வாரும் என்பதுதான் அதன் சாரம். மனம் ஓடிப்போனால் திட்டிக்கொள்ள வேண்டாம். ஓடியதைக் கவனித்தவுடன் இந்த வரியைச் சொல்லித் திரும்பி வாருங்கள். ஒரு ஜெபத்தில் இருபது முறை ஓடினால் இருபது முறை திரும்பலாம். அப்படித் திரும்புவதும் ஜெபம்தான்.

அதற்காகப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போராடுங்கள் என்று சொல்ல மாட்டேன். வேறு அறையில் வைத்துவிடுங்கள். வேதாகமத்தைச் செயலியில் படிக்காமல் புத்தகமாகப் படியுங்கள், ஏனென்றால் செயலிக்கு மேலேதான் நோட்டிஃபிகேஷன் வந்து விழும். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று இயேசு மத்தேயு 6-இல் சொன்னதை இன்றைக்கு இப்படித்தான் நடைமுறைப்படுத்த முடியும். தனி அறை இல்லையென்றாலும் பரவாயில்லை, மொட்டைமாடியோ வாசற்படியோ போதும்.

எதைப் படிப்பது என்று தெரியாவிட்டால் மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான். நாளுக்கு ஒன்று வீதம் இரண்டு வாரத்துக்குச் சற்று மேலே முடிந்துவிடும். முதல் அதிகாரத்திலேயே ஓர் இடம் வரும். முந்தின நாள் சாயங்காலம் பட்டணம் முழுவதும் இயேசு இருந்த வீட்டு வாசலில் கூடியிருக்கிறது. அதற்கு மறுநாள் அதிகாலை இருட்டிலேயே எழுந்து, அவர் தனியே போய் ஜெபிக்கிறார். சீமோனும் மற்றவர்களும் தேடிக் கண்டுபிடித்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். எல்லாரும் தேடுகிறார்கள் என்பதற்காக அவர் திரும்பி ஓடவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போக வேண்டும் என்கிறார். போன் அதிரும்போதெல்லாம் நமக்கும் இதே செய்திதான் வருகிறது. உடனே பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை, நமக்கும் தேவையில்லை.

இனி எனக்கு முக்கியமாகத் தோன்றுவதற்கு வருகிறேன். ஜெப நேரத்தை மட்டுமே விசுவாசம் என்று நீங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள், அதனால்தான் திங்கட்கிழமை வெறுமையாகத் தெரிகிறது. இளைஞனான தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதைப் பாருங்கள்: வார்த்தையிலும், நடக்கையிலும், அன்பிலும், ஆவியிலும், விசுவாசத்திலும், கற்பிலும் மாதிரியாயிரு என்கிறார். முதலில் வருவதே வார்த்தை. அப்படியானால் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பும் விசுவாசத்துக்கான இடம்தான். ஒருவனுடைய போட்டோவைப் போட்டு எல்லோரும் கலாய்க்கும்போது நீங்கள் ஸ்டிக்கர் போடாமல் இருப்பது, பிறகு அவனிடம் தனியாக "நீ நல்லா இருக்கியா?" என்று கேட்பது, பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்காமல் இருப்பது, அம்மா கூப்பிட்டால் கேமை நிறுத்திவிட்டு எழுந்து போவது. இவற்றில் எதற்கும் தனி நேரம் ஒதுக்க வேண்டாம். அந்த நாள் முழுக்க இயேசுவைப் பின்பற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் விட்டு விலக வேண்டுமா என்றால், தானியேல் முதல் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். தானியேல் முதலான யூத வாலிபர்களைப் பாபிலோனுக்குக் கொண்டுபோய், மூன்று வருடப் பயிற்சி கொடுத்து, கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்பிக்கிறார்கள். பெயரைக்கூட மாற்றிவிடுகிறார்கள். தானியேல் அந்தப் படிப்பை மறுக்கவில்லை, நன்றாகவே படித்தான். ஆனால் ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்வதில்லை என்று இருதயத்தில் முடிவெடுத்திருந்தான். அதையும் சண்டை போட்டுச் சாதிக்கவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று விசாரிப்புக்காரனிடம் பணிவாகக் கேட்டான். கூட மூன்று நண்பர்கள் இருந்தார்கள். எதை ஏற்பது, எதை மறுப்பது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெளிவாக இருந்தது. பாட்டு, விளையாட்டு, நண்பர்கள் எல்லாவற்றையும் பாவப் பட்டியலில் சேர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்று பவுல் 1 கொரிந்தியர் 6-இல் சொல்வது நல்ல அளவுகோல். ஒரு நாள் விட்டுப் பார்த்தால் கை நடுங்குகிறதா, எரிச்சல் வருகிறதா? அப்போது அதைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

ராத்திரியில் தனியாகப் போனில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டுக் காலையில் ஜெபிக்க வெட்கப்படும் பிள்ளைகள் நிறையப் பேர். நீங்கள் அதை எழுதவில்லை, ஆனாலும் வாசிக்கிற யாருக்காவது தேவைப்படலாம். வெட்கம் போகும்வரை காத்திருந்துவிட்டு ஜெபிக்க நினைக்காதீர்கள், அந்த நிலையிலேயே வாருங்கள். போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். அப்புறம், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ரகசியமாக இருக்கும்வரைதான் அதற்குப் பலம் அதிகம்.

சந்தேகம் வந்தாலும் இதேதான். மாற்கு 9-இல் ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொல்கிறான். இயேசு அவனைத் துரத்தவில்லை, அவன் மகனைக் குணமாக்கினார்.

கிண்டலுக்கு வருவோம். "பாஸ்டர்" என்று கூப்பிட்டால் கோபப்பட வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். கிண்டல் செய்கிறவனுக்கே வீட்டில் ஏதாவது பிரச்சினை வரும்போது அவன் உங்களைத் தேடி வரக்கூடும். அதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அவன் சொல்வதை முழுதாகக் கேளுங்கள், அவன் சம்மதித்தால் அங்கேயே ஒரு வரி ஜெபியுங்கள். அதுவரை சபையில் உங்கள் வயதில் ஒரே ஒருவரையாவது கண்டுபிடித்து, வாரம் ஒருமுறை "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று மாறி மாறி உண்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யாருமே இல்லையென்றால் போதகரிடமோ ஞாயிறு பள்ளி ஆசிரியரிடமோ போய், "எனக்கு ஒரு ஜெபத் துணை வேண்டும்" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.