பிதற்றல்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது? (கேள்வி பதில்)

கேள்வி: என் சிறுகதையில் ஒருவர் காய்ச்சலில் ஏதேதோ பேசுகிறார். ‘உளறினார்’ என்று எழுதியிருந்தேன். ‘பிதற்றினார்’ என்று மாற்றச் சொல்கிறார் நண்பர். இரண்டும் ஒன்றுதானே?

நண்பர் சொல்வதுதான் சரி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சொற்கள், ஆனால் ஒன்றல்ல. ‘ரகசியத்தை உளறிவிட்டான்’ என்கிறோம். அங்கே ‘பிதற்றிவிட்டான்’ என்று போட்டுப் பாருங்கள், ஒட்டாது. உளறலில் சொல்லக்கூடாத உண்மை வாய்தவறி வெளியே வந்துவிடலாம். பிதற்றலில் அப்படி ஒரு செய்தி வெளிவருவதில்லை. மனம் ஒரு பக்கம் கிடக்க, நாக்கு தன்போக்கில் ஓடுகிறது. காய்ச்சல், போதை, பித்து, தாங்க முடியாத ஆசை என்று ஏதோ ஒன்று ஆளைப் பிடித்திருக்க வேண்டும். ‘விடிய விடியப் பிதற்றிக்கொண்டிருந்தார்’ என்று எழுதினால் கட்டிலில் கிடப்பவர் கண்ணுக்குத் தெரிவார்.

கேள்வி: ‘புலம்பினார்’ என்று போட்டால்?

அது துயரம். பேசுகிறவருக்குத் தன் குறை என்னவென்று தெரியும். பழைய தமிழில் இந்தச் சொல்லுக்குத் தனிமை என்று பொருள். ‘புலம்பே தனிமை’ என்கிறது தொல்காப்பியம். கேட்க ஆளில்லாத பேச்சு என்ற சாயல் இன்றைய புலம்பலிலும் மிச்சம் இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

கேள்வி: கட்டுரைகளில் எதிர்க்கருத்தை ‘வெறும் பிதற்றல்’ என்று எழுதுகிறார்களே, சரியா?

இலக்கணப்படி தவறில்லை. ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தவறான கருத்தையும் ஒருவர் முழு நிதானத்தோடு, காரணம் காட்டிச் சொல்லலாம். அது பிழை, அல்லது பொய். அதைப் பிதற்றல் என்றால் கருத்துக்குப் பதில் சொல்லாமல், சொன்னவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொன்னதாகிவிடும். எந்த வரி எப்படித் தவறு என்று காட்டுங்கள். திருக்குறளில் ‘பயனில சொல்லாமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, பத்துக் குறள். அதில் ‘பிதற்று’ என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. வள்ளுவர் அங்கே பார்ப்பது பேச்சால் பயன் உண்டா என்பதை. பயனில்லாததைப் பாராட்டிப் பேசுகிறவனை ‘மக்கட் பதடி’, அதாவது மனிதருள் பதர் என்கிறார்.

கேள்வி: அப்படியானால் இது எப்போதும் இழிவான சொல்தானா?

இல்லை. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். திருமந்திரத்தில் ஒரு பாட்டு, ‘பிதற்றொழியேன் பெரியான் அரியானை’ என்று தொடங்கும். நான்கு அடியும் ‘பிதற்றொழியேன்’ என்றே தொடங்குகின்றன. பிதற்றுவதை நிறுத்த மாட்டேன் என்கிறார் திருமூலர். இறைவன் பெயரை ஓயாமல் சொல்வதற்கு இந்தச் சொல்லைத் தாமே விரும்பி எடுத்துக்கொள்கிறார். பக்தி முற்றினால் பேச்சு தன் வசத்தில் இருக்காது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. கம்பரின் அவையடக்கமும் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது: ‘பித்தர் சொன்னவும் பேதையர் சொன்னவும் பத்தர் சொன்னவும் பன்னப் பெறுபவோ’. இவர்கள் பேச்சை யாராவது ஆராய்ந்து குற்றம் பார்ப்பார்களா என்று கேட்கிறார். பித்தரையும் பேதையரையும் பக்தரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டார் பாருங்கள்! காதல் வயப்பட்டவன் பேச்சுக்கும் ‘பிதற்றல்’ தாராளமாக எழுதலாம். அங்கே அது வசை ஆகாது.

கேள்வி: ‘அலப்புதல்’ பழைய சொல்லா, பேச்சுவழக்கா?

இரண்டும்தான். பழைய தமிழ் பைபிளில் மத்தேயு 6:7, ஜெபம் பண்ணும்போது ‘வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்’ என்கிறது. ஒரே பேச்சைத் திரும்பத் திரும்ப இழுப்பவரைக் குறிக்க நல்ல சொல்.

கேள்வி: ‘பிதத்தினான்’ என்று எழுதலாமா?

கதைமாந்தர் வாயில் வரும் உரையாடல் என்றால் எழுதலாம். காற்று ‘காத்து’ ஆவது போலத்தான் இதுவும். ஆசிரியர் கூற்றில் ‘பிதற்றினான்’. அப்புறம், ‘பிதற்றான்’ என்று சுருக்கிவிடாதீர்கள். அது ‘பிதற்ற மாட்டான்’ என்று பொருளையே புரட்டிவிடும்.