போர்ட் சையது மோதிரம்: கல் பச்சையாக மாறாதது ஏன்?

தாத்தாவின் மோதிரத்தில் இருப்பது அலெக்சாண்ட்ரைட் (ஒளிக்கேற்ப நிறம் மாறும் அரிய ரத்தினம்) என்றால் ஏன் பச்சையாக மாறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பகலில் சாம்பல் கலந்த நீலம், இரவில் விளக்கொளியில் ஊதா என்றால் அது அலெக்சாண்ட்ரைட் இல்லை. அசல் கல் பகல் வெளிச்சத்தில் பச்சை அல்லது நீலப்பச்சை, மெழுகுவர்த்தி ஒளியில் சிவப்பு.

1950களில் தாத்தா கப்பல் பயணத்தில் எகிப்தின் துறைமுக நகரமான போர்ட் சையதில் வாங்கியது என்கிறீர்கள். அந்தக் காலத்தில் எகிப்தில் பயணிகளுக்கு அலெக்சாண்ட்ரைட் என்று விற்றவற்றில் பெரும்பாலானவை வனேடியம் என்ற உலோகம் சேர்த்த செயற்கைக் குருந்தம்தான் (மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தம் என்ற இந்தக் கனிம வகைதான்). பெரிய கல், உள்ளே ஒரு மாசும் இல்லை என்பதும் அதற்கே பொருந்துகிறது.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். 10 மடங்கு லென்ஸ் வாங்கி, கல்லின் பின்பக்கம் வெள்ளைத் தாள் வைத்து, மெதுவாகச் சாய்த்துக்கொண்டே உள்ளே கவனியுங்கள். இசைத்தட்டில் இருப்பது போல வளைந்த கோடுகள் தெரிந்தால் செயற்கைக் கல் என்பது உறுதி. இயற்கைக் குருந்தத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும், கோணத்தில் திரும்பும். அப்புறம், நிறத்தை எல்இடி விளக்கில் சோதிக்காதீர்கள், பழைய குண்டு பல்பு வேண்டும்.

கோடு தெரியவில்லை என்பதால் மட்டும் எதையும் முடிவு செய்ய வேண்டாம். இலங்கையில் கிடைக்கும் இயற்கை நீலக்கற்கள் சிலவும் இப்படி நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறும், அவற்றுக்கு நல்ல விலை உண்டு. கோடு தெரியாவிட்டால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குப் போங்கள். ஒளிவிலகல் எண்ணை (கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) கல் மோதிரத்தில் இருக்கும்போதே பெரும்பாலும் அளந்துவிடலாம்: குருந்தம் 1.76 முதல் 1.77, அலெக்சாண்ட்ரைட் சுமார் 1.75. கல்லைக் கழற்ற மட்டும் சம்மதிக்காதீர்கள், பழைய கொக்கிகள் எளிதில் உடையும்.