ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கணக்குக்கு எந்தக் கால்குலேட்டர்? – வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

டீச்சர், என் மகள் சிபிஎஸ்இ பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் வைத்திருக்கிறார்களாம். கடையில் கேட்டால் ஐந்தாறு மாடலை எடுத்துப் போடுகிறார்கள். எதை வாங்குவது? – ஒரு வாசகி, மதுரை

மாடலுக்கு அப்புறம் வருவோம் அம்மா. உங்கள் மகள் எழுதப் போகிற பரீட்சைகளில் எதில் கால்குலேட்டரை உள்ளே விடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு கணக்கு வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை என்று அச்சிட்டிருப்பார்கள். நீட் தேர்விலும் கிடையாது, ஜேஇஇ மெயினிலும் கிடையாது. 2025 ஜேஇஇ மெயினுக்கான தகவல் கையேட்டில் திரையில் ஒரு கால்குலேட்டர் வரும் என்று ஒரு வரி வந்து பிள்ளைகள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள், பிறகு அது அச்சுப்பிழை என்று தேர்வு முகமையே அறிவித்துவிட்டது. ஆக, இந்த இரண்டு வருடமும் பரீட்சை அறையில் உங்கள் மகளுக்குத் துணை அவளுடைய கையும் பேனாவும்தான்.

அதனால் "எல்லாரும் வாங்கிவிட்டார்கள்" என்பதற்காக இந்த வாரமே கடைக்கு ஓட வேண்டாம். எனக்கு இதில் உண்மையிலேயே கவலை உண்டு. பதினொன்றாம் வகுப்பில் பையில் கால்குலேட்டரோடு வருகிற பிள்ளை, இயற்பியல் கணக்கில் 9.8-ஐ 0.35-ஆல் பெருக்கக்கூட அதை எடுக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மார்ச்சில் திடீரென்று அது இல்லாமல் உட்காரும்போது, சூத்திரம் தெரிந்தும் பெருக்கலில் மதிப்பெண் போகிறது. வகுப்பில் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

வாங்கித்தான் தருவேன் என்றால் கேசியோ எஃப்எக்ஸ்-991 வரிசையில் ஒன்று போதும். ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும், பொறியியல் கல்லூரிக்குப் போனாலும் அதுவே ஓடும். வீட்டில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கணக்கைக் கையால் போட்டு, விடைக்குக் கீழே கோடும் போட்ட பிறகு, சரிபார்க்க மட்டும் எடுக்கட்டும். இன்னொன்று, பாதி விலைக்குத் தருகிறேன் என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள். இந்த வரிசையில் போலிகள் நிறைய உலவுகின்றன. எழுத்து மங்கலாக அச்சாகியிருந்தாலோ, பட்டன் அழுத்தினால் ஆடினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிங்கப்பூரில் மகன் தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு. ஏ லெவல் தேர்வுக்கு எச்2 கணிதம் என்ற பாடம் எடுத்திருக்கிறான். உயர்நிலைப் பள்ளியில் வாங்கிய கால்குலேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வளைவரைகளைத் திரையில் வரைந்து காட்டும் கிராஃபிங் கால்குலேட்டர் வேண்டும் என்கிறான். நூறு வெள்ளிக்கு மேல் போகிறது. அவசியம்தானா? – ஒரு தந்தை, ஈசூன்

அவசியம்தான் ஐயா, இதில் உங்கள் மகன் சொல்வது சரி. மதுரைக்கு நான் சொன்னதும் உங்களுக்குச் சொல்லப் போவதும் நேர் எதிராக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், பரீட்சை வேறு. எச்2 கணிதத்தில் மாணவரிடம் ஜிசி, அதாவது கிராஃபிங் கால்குலேட்டர், இருக்கிறது என்று எண்ணித்தான் வினாத்தாளையே தயாரிக்கிறார்கள். சில கேள்விகளைக் கையால் தீர்க்கவே முடியாது. வளைவரையை வரைந்து, இரண்டு கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்று படித்தால்தான் விடை வரும்.

தேர்வு வாரியம் அனுமதித்த கருவிகளின் பட்டியல் ஒன்று உண்டு. முதலில் அதைப் பாருங்கள், அதில் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். டிஐ-84 பிளஸ் சிஇ, கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 இரண்டுமே நல்லவை. டிஐ கருவி சார்ஜ் போடுவது, மெல்லியது. கேசியோவுக்கு ட்ரிபிள் ஏ பேட்டரி நான்கு வேண்டும், தீர்ந்தால் பக்கத்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இவற்றில் எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, அவனுடைய ஆசிரியர் எதை வைத்து நடத்துகிறார், வகுப்பில் பெரும்பாலானோர் எதை வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். குறிப்புத்தாளில் அச்சடித்துத் தருகிற பட்டன் வரிசை அந்தக் கருவிக்குத்தான் இருக்கும், சந்தேகம் வந்தால் பக்கத்துப் பையனிடம் கேட்கவும் முடியும். சீனியர் ஒருவர் தன்னுடையதை விற்கிறார் என்றால் தாராளமாக வாங்கலாம். பட்டியலில் இருக்கிறதா, சார்ஜ் நிற்கிறதா, திரையில் கோடு விழுந்திருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

வாங்கியதும் ஒரு சின்னக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 32 எக்ஸ் பிளஸ் 240 என்ற வளைவரை. வழக்கமான அளவில் கருவி இரண்டு பக்கமும் மைனஸ் 10 முதல் 10 வரைதான் காட்டும். திரையில் அச்சுகள் மட்டும்தான் இருக்கும், வளைவரையின் ஒரு துண்டுகூட இருக்காது. அவசரக்காரப் பிள்ளை "மூலங்கள் இல்லை" என்று எழுதிவிடும். ஆனால் 12, 20 என்று அழகான இரண்டு மூலங்கள் அதற்கு இருக்கின்றன, திரை காட்டுகிற அந்த ஜன்னலுக்கு வெளியே. அளவை 25 வரை நீட்டினால்தான் வளைவு கீழே இறங்கி ஏறுவது தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் எங்கே பார்க்க வேண்டும் என்று கருவி சொல்லாது. காரணிப்படுத்திப் பார்க்கிற பழக்கம் இருக்கிற பிள்ளைக்குத்தான் அது தெரியும்.

அப்புறம், கருவி சொன்ன விடையை மட்டும் எழுதினால் பல கேள்விகளில் போதும், ஆனால் அந்த விடை தவறாக இருந்து வழிமுறையும் எழுதவில்லை என்றால் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. வரைபடத்தை வைத்துத் தீர்த்தால் அந்தப் படத்தைத் தாளிலும் வரைய வேண்டும். நிகழ்தகவுக் கேள்வியில் "பைனாம்சிடிஎஃப்" என்று கருவியின் கட்டளையை எழுதக் கூடாது, கணிதக் குறியீட்டில்தான் எழுத வேண்டும். இதை முதல் வாரத்திலிருந்தே பழகட்டும்.

என் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்தபோது மகளுக்கு டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ் கேஸ் என்ற கால்குலேட்டரைப் பரிசாகக் கொண்டுவந்தான். அவள் ஐபி டிப்ளமா என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் படிக்கிறாள். பயன்படுத்தலாமா? – ஒரு வாசகி, சென்னை

பெயரின் கடைசியில் இருக்கிற அந்தக் "கேஸ்"தான் பிரச்சினை அம்மா. சாதாரணக் கருவி எண்களை மட்டும் கையாளும், எக்ஸ் ஸ்கொயரின் வகைக்கெழு 3 என்ற இடத்தில் 6 என்று சொல்லும். கேஸ் உள்ள கருவி எழுத்துகளையும் கையாளும், 2 எக்ஸ் என்றே எழுதிக் காட்டிவிடும். அதனால் ஐபி தேர்வில் அதற்கு அனுமதி இல்லை. சிங்கப்பூரிலும் அப்படித்தான். அதே வரிசையில் கேஸ் இல்லாத மாடல் இருக்கிறது, உங்கள் தம்பி பாவம், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி எடுத்திருப்பார். பில் இருந்தால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் வீட்டில் சரிபார்க்க வைத்துக்கொண்டு, தேர்வுக்கு வேறு வாங்குங்கள். ஐபி கணிதத்தில் அனலிசிஸ் என்கிற பிரிவை எடுத்திருந்தால் முதல் தாளில் எந்தக் கால்குலேட்டரும் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டீச்சர், நான் ப்ளஸ் டூ. 991இஎஸ் பிளஸ் வைத்திருக்கிறேன். சைன் எக்ஸை 0-விலிருந்து பை வரை தொகையிட்டால் புத்தகத்தில் 2. என் கால்குலேட்டர் 0.0861 என்கிறது. கெட்டுப்போய்விட்டதா? – ஒரு மாணவன், தஞ்சாவூர்

கெடவில்லை தம்பி. திரையின் மேல் ஓரத்தில் குட்டியாக "டி" என்ற ஆங்கில எழுத்து தெரிகிறதா? நீ டிகிரியில் இருக்கிறாய். நீ பை என்று கொடுத்ததை அது 3.14 டிகிரியாக எடுத்துக்கொண்டது, அவ்வளவு சின்னக் கோணத்துக்குள் பரப்பு அவ்வளவுதான் வரும். ஷிஃப்ட், பிறகு மோட், பிறகு 4 அழுத்து. "டி" போய் "ஆர்" வரும், அது ரேடியன். இப்போது போட்டுப் பார், 2 வரும். நுண்கணிதத்தில் திரிகோணமிதி வந்தாலே ரேடியன்தான், முக்கோணத்தில் 30 டிகிரி என்று கொடுத்தால் திரும்ப டிகிரிக்கு வா. ரேடியனில் இருந்துகொண்டு சைன் 30 கேட்டால் மைனஸ் 0.988 என்று வரும். அரை வர வேண்டிய இடத்தில் மைனஸில் வந்தால் அப்போதே கை நின்றுவிட வேண்டும்.

நீ கேட்காத இரண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 0.5-க்கு சைன் இன்வர்ஸ் போட்டால் 30 மட்டும்தான் தரும், 150-ஐ நீதான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று அடைப்புக்குறி. 6 வகுத்தல் 2, அதை ஒட்டி அடைப்புக்குள் 1 பிளஸ் 2 என்று பெருக்கல் குறி போடாமல் அடித்தால் உன்னுடையது 1 என்று சொல்லும், டிஐ-84 அதே கணக்குக்கு 9 என்று சொல்லும். இரண்டுமே பழுதில்லை, குறியில்லாத பெருக்கலுக்கு முன்னுரிமை தருவதா இல்லையா என்று ஆளுக்கொரு விதி வைத்திருக்கின்றன. நீ எதைச் சொல்ல வருகிறாய் என்பதை அடைப்புக்குறி போட்டுச் சொல்லிவிடு.

பரீட்சைக்கு முன் ஜிசி-யை ரீசெட் செய்யச் சொல்கிறார்கள். செய்தால் ஏதாவது பிரச்சினை வருமா? – ஒரு மாணவி, ஜூரோங்

நீ சேமித்து வைத்திருந்தது எல்லாம் அழியும், அதற்காகத்தானே சொல்கிறார்கள். ஆனால் அதோடு உன்னுடைய அமைப்புகளும் போய்விடும் அம்மா. டிஐ-84 ரீசெட் ஆனால் ரேடியனில் வந்து நிற்கும், ஜன்னலும் மைனஸ் 10 முதல் 10-க்குத் திரும்பிவிடும். வீட்டில் இரண்டு மூன்று தடவை ரீசெட் செய்து, மறுபடி உனக்கு வேண்டியபடி வைக்கப் பழகு, ஒரு நிமிடம்கூட ஆகாது. அன்றைக்கு அறையில் ரீசெட் ஆனதும் சைன் 30 அடித்துப் பார். 0.5 வந்தால் டிகிரி, மைனஸில் வந்தால் ரேடியன். அதைத் தெரிந்துகொண்டு வினாத்தாளைத் திற.